ஃபோர்ட் பெண்ட்டில் "நாலில் ஒருத்தர் இந்தியர்": எண்ணினது யாரு?

பிரசோஸ்கரை:
ஒரு வாரமா வாட்சப்பில் சுத்திக்கிட்டிருக்கு: "டெக்ஸாஸ் ஃபோர்ட் பெண்ட் கவுன்ட்டியில் நாலில் ஒருத்தர் இந்தியர். பெருமையுடன் பகிருங்கள்." மூணு குரூப்பில் வந்தாச்சு. திருச்சியிலிருந்து மாமனார் வேற அனுப்பி, "அப்படியா மாப்ளே?"ன்னு கேக்கிறார்.

ஹூஸ்டன் பக்கத்துல இருக்கிற இந்த கவுன்ட்டியில் (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) 2020 சென்சஸ்படி மக்கள்தொகை 8,22,779. அதில் ஆசியர் 100க்கு 22 பேர் அளவில். ஆசியர்னா சீனர், வியட்நாமியர், ஃபிலிப்பினோ, பாகிஸ்தானி, நாம எல்லாரும் சேர்த்து. மொத்த ஆசியரையும் ஒரே பஸ்ஸில் ஏத்தினாலே நாலில் ஒண்ணு வராது. எவன் எழுதினான் இதை?

சுகர்லேண்ட் சுந்தரம்:
நான்தான் எழுதினேன். அவன் இவன்னு பேசாதீங்க தம்பி.

1996லிருந்து இங்க இருக்கேன். ஹைவே 6ல ரெண்டு பக்கமும் வயக்காடா இருந்த காலம். அப்ப கறிவேப்பிலை வாங்க ஹூஸ்டன்ல இந்தியக் கடைங்க இருக்கிற ஹில்க்ராஃப்ட் வரைக்கும் ஓட்டணும். இப்ப எங்க கல்டிசாக்ல, அதான் முட்டுச்சந்துல, 14 வீடு, அதுல 9 நம்மாளுங்க. நாலில் ஒண்ணுங்கிறது நான் குறைச்சுச் சொன்னது.

பிரசோஸ்கரை:
சார், உங்க கல்டிசாக் கவுன்ட்டி இல்ல. இதே கவுன்ட்டியில ரோசன்பர்க் ஊர்ப்பக்கம் ஒரு தெருவுல நின்னு எண்ணுங்க, நாலில் மூணு பேர் ஸ்பானிஷ் பேசுவாங்க. அதுக்காக கவுன்ட்டியே மெக்ஸிகோன்னு எழுதுவீங்களா?

சுகர்லேண்ட் சுந்தரம்:
வியாழக்கிழமை ரீசைக்கிள் வண்டி வர்றதுக்கு முன்னாடி நாலு தெரு வாக்கிங் போனேன். தொட்டி மேல மடிச்சு வச்ச அரிசிச் சாக்கை எண்ணிக்கிட்டே வந்தேன். 60 வீட்டுல 22 வீட்டு வாசல்ல சாக்கு. அடுப்புல என்ன வேகுதுன்னு சென்சஸ்காரன் வந்து பார்த்தானா? நான் பார்த்தேன்.

கேட்டி கோமதி:
அண்ணே, அந்த சாக்கு சோனா மசூரியா, ஜாஸ்மினா? எங்க எதிர்வீட்டு வியட்நாம் பாட்டி மாசத்துக்கு ரெண்டு சாக்கு காலி பண்றாங்க. அவங்களையும் அய்யங்கார் ஆக்கிட்டீங்களா?

சுகர்லேண்ட் சுந்தரம்:
சாக்குல என்ன போட்டிருக்குன்னு படிக்கத் தெரியும்மா எனக்கு. அதோட நீங்க கேட்டி. கேட்டி ஹாரிஸ் கவுன்ட்டி. இந்தத் திரியில உங்களுக்கு வேலை இல்ல.

கேட்டி கோமதி:
கேட்டி ஊரே மூணு கவுன்ட்டியில இருக்கு: ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர். நான் சின்கோ ரான்ச். ஃபோர்ட் பெண்ட்டுக்குத்தான் வருஷா வருஷம் பிராபர்ட்டி டாக்ஸ் அழுறேன், அதுக்கு மேல தண்ணி, சாக்கடைக்குன்னு மட் டாக்ஸ் வேற. ரசீது ஸ்கேன் பண்ணிப் போடவா?

படிவம்_2020:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன். 2020 சென்சஸ் படிவத்துல ஹிஸ்பானிக்கா (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிஷ் வழி வந்தவரா) இல்லையாங்கிறது தனிக் கேள்வி, இனம் தனிக் கேள்வி. ஒருத்தர் ரெண்டு மூணு பெட்டியிலயும் டிக் அடிக்கலாம். அதனால ஆசியர் மட்டும்னு எண்ணினா ஒரு கணக்கு, கலப்பும் சேர்த்து எண்ணினா வேற கணக்கு. முதல்ல எதைப் பேசுறோம்னு முடிவு பண்ணிட்டா...

சுகர்லேண்ட் சுந்தரம்:
டிக் அடிக்கிறதெல்லாம் இருக்கட்டும். நாலில் ஒருத்தர். அவ்வளவுதான்.

பிரசோஸ்கரை:
22. அதுவும் மொத்த ஆசியர்.

ஃப்ரிஸ்கோக்காரன்:
ஹூஸ்டன் பக்கத்து ஆளுங்க எட்டு லட்சத்துக்கே இந்தக் குதி குதிக்கிறீங்க. டாலஸ் பக்கம் எங்க காலின் கவுன்ட்டி 2020ல 10,64,465. ஃப்ரிஸ்கோ மட்டும் பத்து வருஷத்துல 1,16,989லிருந்து 2,00,509. வளர்ச்சின்னா அது. உங்க ஊரு ஏற்கெனவே மெதுவாயிடுச்சு.

சுகர்லேண்ட் சுந்தரம்:
யாரு மெதுவாயிட்டா? 1970ல ஃபோர்ட் பெண்ட் மொத்தமே 52 ஆயிரம் சொச்சம். 2000ல 3,54,452. 2010ல 5,85,375. அப்புறம் 8,22,779. ஐம்பது வருஷத்துல பதினஞ்சு மடங்குக்கு மேல. உங்க ஊர்ல வெயில்ல ஆலங்கட்டி விழுந்து கூரை மாத்துறதுக்கே சம்பளம் பத்தாது, பேச வந்துட்டாரு.

ஃப்ரிஸ்கோக்காரன்:
2000லிருந்து 2010 வரைக்கும் 65 சதவீதம். அடுத்த பத்து வருஷம் 40 சொச்சம். இதுக்குப் பேரு மெதுவாகலையா? கணக்கு தெரிஞ்சா பேசுங்க.

சுகர்லேண்ட் சுந்தரம்:
தலையை எண்ணுங்க சார். முதல் பத்து வருஷம் 2,30,923 பேர் கூடினாங்க. அடுத்த பத்து வருஷம் 2,37,404 பேர். கூடித்தான் இருக்கு. சதவீதத்துக்கா வீடு கட்டுவாங்க, ஆளுக்குத்தானே?

பிரசோஸ்கரை:
ஆகா! வளர்ச்சின்னா தலையை எண்ணணும், இந்தியர்னா சாக்கை எண்ணணும். நல்ல நியாயம்.

சுகர்லேண்ட் சுந்தரம்:
நக்கல் பண்ணுங்க. 2018ல கவுன்ட்டி ஜட்ஜா ஜெயிச்சது யாரு? கே.பி. ஜார்ஜ். நம்மாளு. நாலில் ஒருத்தர் இல்லாமலா ஜெயிச்சாரு?

புதுசா வந்தவன்:
ஜட்ஜ் எப்படி எலெக்‌ஷன்ல நிப்பாரு? மன்னிக்கணும், மே மாசம்தான் இங்க வந்தேன்.

கேட்டி கோமதி:
பேருதான் தம்பி ஜட்ஜ். கமிஷனர்ஸ் கோர்ட்டுக்குத் தலைவர். ரோடு, பட்ஜெட், புயல் வந்தா வெளியேறச் சொல்றது, எல்லாம் அங்கதான். நம்ம ஊரு மாவட்ட ஊராட்சித் தலைவரையும் கலெக்டரையும் சேர்த்துப் பிசைஞ்ச மாதிரி வச்சுக்கோங்க.

பிரசோஸ்கரை:
ஜார்ஜ் கேரளத்துல பிறந்தவர், சந்தோஷம். ஆனா இந்தியர் ஓட்டு மட்டும் வச்சு இங்க யாரும் ஜெயிக்க முடியாது. ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர் 100க்கு 30, ஹிஸ்பானிக் கால்வாசி, கறுப்பர் அஞ்சில் ஒரு பங்கு, ஆசியரும் ஏறத்தாழ அவ்வளவே. யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடையாது. இந்த கவுன்ட்டியில சொல்லிக்கிற மாதிரி விஷயமே அதுதான். அதை விட்டுட்டு...

சுகர்லேண்ட் சுந்தரம்:
அஷ்டலட்சுமி கோயில்ல 2024ல 90 அடி ஆஞ்சநேயர் வச்சது யாரு, ஹிஸ்பானிக்கா? ஸ்டாஃபோர்ட்ல மந்திர் கட்டினது? மீனாட்சி கோயில்? ஒரே கவுன்ட்டியில மூணு பெரிய கோயில்! நாங்க வந்தப்புறம்தான் இந்தப் பூமி பூமியாச்சு. அதுக்கு முன்னாடி வெறும் கரும்புக்காடு.

பழைய ரிச்மண்ட்:
அந்தக் கரும்பை வெட்டினது யாருன்னு கேட்டீங்களா? 2018ல சுகர்லேண்ட்ல பள்ளிக்கூடக் கட்டட வேலைக்குத் தோண்டினப்ப 95 பேரோட எலும்பு கிடைச்சுது. கைதிகளை வாடகைக்கு விட்டு வேலை வாங்கின காலத்துக் கறுப்பர்கள். உள்நாட்டுப் போருக்கு அப்புறம் இந்த கவுன்ட்டியில கறுப்பர்தான் பெரும்பான்மை, பதவியிலும் இருந்தாங்க. 1889ல ரிச்மண்ட் கோர்ட் பக்கம் ஜேபேர்டுங்கிற வெள்ளையர் கோஷ்டி துப்பாக்கிச் சண்டை போட்டு அதிகாரத்தைப் பிடிச்சது. அப்புறம் வெள்ளையர் மட்டும் ஓட்டுப் போடுற ஒரு முன்தேர்தலை வச்சே ஊரை ஆண்டாங்க. 1953ல சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதுன்னு சொன்ன வரைக்கும். மக்கள்தொகைக் கதைன்னா இதையும் சேர்த்துப் பேசணும்.

சுகர்லேண்ட் சுந்தரம்:
அதெல்லாம் சரித்திரம். நான் இப்ப இருக்கிறதைச் சொல்றேன்.

ஃப்ரிஸ்கோக்காரன்:
ஒரு நிமிஷம். மீனாட்சி கோயில் பேர்லேண்ட்ல இல்ல இருக்கு? பேர்லேண்ட் பிரசோரியா கவுன்ட்டி ஆச்சே! டாலஸ்ல இருக்கிற எனக்கே தெரியுது.

கேட்டி கோமதி:
மாட்டினாரு! என்னைக் கேட்டின்னு வெளியே தள்ளினவரு, மீனாட்சியை கவுன்ட்டி விட்டு கவுன்ட்டி இழுத்துட்டு வந்துட்டாரு.

சுகர்லேண்ட் சுந்தரம்:
பேர்லேண்ட்ல ஒரு ஓரம் ஃபோர்ட் பெண்ட்ல இருக்கு. தெரியாம பேசாதீங்க.

பிரசோஸ்கரை:
அந்த ஓரத்துல கோயில் இல்ல சார்.

சுகர்லேண்ட் சுந்தரம்:
கோயிலுக்குப் போற ஜனம் எங்கிருந்து வருது? இங்கிருந்துதானே? ஞாயித்துக்கிழமை பார்க்கிங்ல நின்னு பாருங்க. நாலில் ஒருத்தர்னு எழுதினவன் நான், மாத்தப்போறதில்ல. ஏற்கெனவே 40 குரூப்பில் போயிடுச்சு.

புதுசா வந்தவன்:
சின்கோ ரான்ச்ல வாடகைக்கு வீடு பார்க்கிறேன். 2017 ஹார்வி புயல்ல அங்க தண்ணி வந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா அக்கா?

கேட்டி கோமதி:
எல்லாத் தெருவும் இல்ல. பார்க்கர் நீர்த்தேக்கம் நிரம்பினா தண்ணி பின்பக்கமா ஏறி நிக்கிற எல்லைக்குள்ளயே நிறைய வீடு கட்டியிருக்காங்க. அங்கதான் நாள்கணக்கா நின்னுச்சு. தெருப் பேரைச் சொல்லுங்க, சொல்றேன். வளர்ச்சி வளர்ச்சின்னு இவங்க பீத்திக்கிறதுல அதுவும் அடக்கம்.

சுகர்லேண்ட் சுந்தரம்:
ஹார்வின்னதும் ஞாபகம் வருது. பிரசோஸ்கரை தம்பி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். கார்ப்பெட் காய வைக்கணும்னு என் கராஜ்ல வந்து ரெண்டு ஃபேன் வாங்கிட்டுப் போனீங்க. இன்னும் வரலை.

பிரசோஸ்கரை:
திரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அதோட, வாங்கினது ஒரு ஃபேன்.

சுகர்லேண்ட் சுந்தரம்:
ரெண்டு.

பிரசோஸ்கரை:
ஒண்ணு சார். அதுவும் ஸ்விட்ச் வேலை செய்யல.

சுகர்லேண்ட் சுந்தரம்:
ரெண்டு. நானே எண்ணிக் கொடுத்தேன்.