ரீபூட் பண்ணதும் மேனேஜர் பூட்டிக்கிச்சு

கேள்வி:
மூணு மேனேஜர் (மத்ததை நிர்வகிக்கிற சர்வர்) வெச்ச டாக்கர் ஸ்வார்ம், அதாவது கன்டெய்னர்களைச் சேர்ந்து ஓட்டுற சர்வர் கூட்டம். ராத்திரி கர்னல் அப்டேட் போட்டு ஒண்ணை ரீபூட் பண்ணேன். இப்ப அதுல ‘டாக்கர் நோட் எல்எஸ்’ அடிச்சா, ஸ்வார்ம் என்கிரிப்ட் ஆகியிருக்கு, முதல்ல அன்லாக் பண்ணுங்குது. ஆட்டோலாக் (ரீஸ்டார்ட் ஆனதும் சாவி கேட்கிற பூட்டு) போட்டவர் வேலையை விட்டுப் போயிட்டார். சாவி எங்கன்னு தெரியல.

பதில் 1:
மத்த ரெண்டும் ஓடுதுல்ல? கோரம் (quorum, அதாவது முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை மேனேஜர்கள்) இருக்கு, பதறாதீங்க. அதுங்களை மட்டும் இப்போ ரீபூட் பண்ணிடாதீங்க! ஓடுற ஒண்ணுல ‘டாக்கர் ஸ்வார்ம் அன்லாக்-கீ’ அடிங்க. எஸ்டபிள்யூஎம்கீ-1-னு ஆரம்பிச்சு நீளமா ஒண்ணு வரும். பூட்டினதுல ‘டாக்கர் ஸ்வார்ம் அன்லாக்’ கொடுத்து அதை ஒட்டுங்க. ஒட்டும்போது திரையில ஒண்ணுமே தெரியாது. அது புரியாம நான் நாலு தடவை ஒட்டியிருக்கேன்.

கேட்டவர்:
சாவி கிடைச்சது, ஆனா ஏத்துக்கல. விசாரிச்சா, இது அணைஞ்சிருந்தப்போ டீம்ல ஒருத்தர் சாவியை ரொட்டேட் பண்ணியிருக்கார், அதாவது புதுசா மாத்தியிருக்கார்.

பதில் 2:
அப்போ பழைய சாவிதான் வேணும். அவரோட டெர்மினல்ல மேல தள்ளிப் பாருங்க. இல்லேன்னா, ஓடுற மேனேஜர்ல இந்த நோடை (சர்வரை) டிமோட் பண்ணி, அதாவது மேனேஜர் பொறுப்புல இருந்து இறக்கி, நீக்கிட்டு, இதுல ‘டாக்கர் ஸ்வார்ம் லீவ் --ஃபோர்ஸ்’ அடிச்சு, மேனேஜரா சேர்றதுக்கான டோக்கனோட புதுசா ஜாயின் பண்ணுங்க.

கேட்டவர்:
ஸ்க்ரோல்பேக்ல பழைய சாவி இருந்தது. திறந்துடுச்சு!