யூனிவர்சல் ஸ்டூடியோஸ்: எக்ஸ்பிரஸ் பாஸ் இல்லாமல் ஐந்து பேர், 450 வெள்ளிக்குள் முடியுமா?

காவிரிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஊரில் மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நால்வரும் இங்கே வருகிறார்கள். தேக்கா பக்கம் ஓர் அறை பேசி வைத்திருக்கிறேன்.

பையனுக்கு 11 வயது, உயரம் 138 செ.மீ. பெண்ணுக்கு 6 வயது, 108 செ.மீ. பையன் செந்தோசா யூனிவர்சல் ஸ்டூடியோஸின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எந்தச் சவாரி எங்கே இருக்கிறது என்று எனக்கே பாடம் நடத்துகிறான். கூட்டிப்போகாமல் ஊருக்கு அனுப்ப முடியாது.

ஐந்து பேருக்கு நுழைவுச்சீட்டு மட்டுமே 300 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டுகிறது. சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 450 வெள்ளிதான் என் எல்லை. வரிசையில் அதிகம் நிற்காமல் சவாரி ஏறவிடும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கினால் ஏறக்குறைய இன்னொரு மடங்கு ஆகிவிடும். உடன் வேலை செய்பவர்களோ, 'அது இல்லாமல் போனால் நாள் முழுக்க வரிசையில் நின்று நான்கு சவாரிதான் பார்ப்பாய்' என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு ஞாயிறுதான் ஓய்வு. அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. எந்தச் சவாரியிலும் ஏறமாட்டார். அவருக்கும் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பவாங் சித்தி:

தம்பி, முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வரும். கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு என் தலையில்தான் விழும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மே மாதம் ஊருக்குத்தான் விடுமுறை. இங்கே பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும். மே முடியும் வேளையில் ஜூன் விடுமுறை தொடங்கினால் அப்புறம் அந்தப் பக்கமே போக முடியாது. அதற்கு முன்னால் ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். மே தினம், விசாக தினம் இரண்டையும் ஒட்டிய நாள் வேண்டாம். நம் ஊர்ச் சுற்றுலாக் குழுக்கள் மே மாதம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவர்களுக்குச் சாயங்காலம் வேறு இடம் இருக்கும், மணி பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படிக் கலையாது. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் எவ்வளவு போகும், நான்கு பேருக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் எவ்வளவு ஆகும், இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். விடுப்புதான் மலிவு என்று நினைக்கிறேன்.

டிக்கெட் தேதி போட்டுத்தான் தருவார்கள். 4 முதல் 12 வயது வரை சிறுவர் கட்டணம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மூத்தோர் கட்டணம். அது பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பாதிதான். அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். க்ளுக் போன்ற செயலிகளில் சில வெள்ளி குறைவாகக் கிடைப்பதுண்டு, ஒப்பிட்டு வாங்குங்கள். உள்ளூர்வாசிகளுக்கான சலுகை என்று விளம்பரம் வந்தால், வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கும் பொருந்துமா என்று விதிமுறையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'நண்பர் வரவில்லை, டிக்கெட் மிச்சம்' என்று யாராவது விற்க வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

தேக்காவில் தங்குவது பெரிய வசதி. காலையில் தேக்கா நிலையத்தில் தோசையோ பரோட்டாவோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஊதா நிற வழித்தட ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட். எங்கேயும் மாற வேண்டியதில்லை. அங்கிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் போனால் ஆளுக்கு 4 வெள்ளி. விவோசிட்டி கடைத்தொகுதியின் கடலோரப் பக்கம் வந்து நடைபாலத்தில் போனால் காசே இல்லை. மேலே கூரை உண்டு, நகரும் நடைபாதையும் உண்டு. முழங்கால் வலி இருந்தாலும் அம்மா மெதுவாக வந்துவிடுவார்.

வாசலில் சுற்றும் உருண்டையின் முன்னால் படம் எடுப்பதைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வையுங்கள். இதைச் சொல்வதால் எங்கள் வீட்டில் எனக்கு 'சர்வாதிகாரி' என்று பெயர். திறப்பதற்கு அரை மணி முன்னதாகப் போய் நின்று, கதவு திறந்ததும் நேரே உள்ளே போக வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது பிற்பகலில் மூன்று மணி நேரம் நின்றாலும் கிடைக்காது.

எல்லோரும் ஓடுகிற இடத்துக்கே நீங்களும் ஓடாதீர்கள். வரிசை நீளமாக இருந்தாலும் வேகமாக நகர்கிற சவாரி உண்டு. குட்டையாக இருந்தும் நகராத சவாரி உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முதல் வகை, ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். 'லாஸ்ட் வேர்ல்ட்' பகுதியில் இருக்கும் கேனோபி ஃப்ளையர் இரண்டாவது வகை. ஒரு வண்டிக்கு நாலே பேர், முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து தொங்கிக்கொண்டு போவார்கள். முன்னால் நாற்பது பேர் நின்றால் பத்து வண்டி போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பெண்ணும் ஏறலாம். மினியன் லேண்ட் 2025 பிப்ரவரியில்தான் திறந்தது, இன்னமும் அங்கேதான் கூட்டம் மொய்க்கிறது. பெண்ணுக்கு மினியன் பிடிக்குமென்றால் அதுதான் முதல் ஓட்டம். இல்லையென்றால் கடைசிக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் பெண்ணின் 108 செ.மீ. உயரத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் உண்டு, அதற்கு 102 போதும். படகு நனைக்கும் ராப்பிட்ஸுக்கு 107. ஒரு செ.மீ. வித்தியாசத்தில் தப்பிக்கிறாள், உயரத்தை வீட்டிலேயே சரியாக அளந்து பாருங்கள். இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர் மம்மிக்கு 122, வெளியே ஓடும் ரோலர் கோஸ்டர் பேட்டில்ஸ்டாருக்கு 125; அந்த இரண்டும் அவளுக்குக் கிடையாது. பையனுக்கு எல்லாமே திறந்த வாசல்.

ஈசூன் அப்பா:

சித்தி சொன்ன நாள் கணக்கு சரி. ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். தனியாள் வரிசை என்று ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, பேட்டில்ஸ்டார் மூன்றிலும் பார்த்திருக்கிறேன். வண்டியில் ஓர் இருக்கை காலியாக இருந்தால் அந்த வரிசையிலிருந்து ஒருவரை எடுத்து நிரப்புவார்கள். கூடுதல் கட்டணம் ஒன்றும் இல்லை. நீங்களும் பையனும் அதில் நின்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். சிறு பெண்ணுக்குப் பெரியவர் துணை வேண்டும் என்பதால் அவளை அதில் சேர்க்க முடியாது. சில நேரம் அந்த வரிசையை மூடியும் வைப்பார்கள், வாசலில் நிற்கும் ஊழியரைக் கேளுங்கள்.

அம்மா விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. சவாரியே ஏறாதவருக்கு டிக்கெட் எதற்கு? செந்தோசாத் தீவுக்குள் ஓடும் பஸ்ஸும் கடற்கரை வண்டியும் இலவசம். பலவான் கடற்கரையில் நிழலில் உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும்.

செம்பவாங் சித்தி:

ஈசூன் தம்பி, ஊரிலிருந்து முதல்முறையாக வந்த அம்மாவைத் தனியாகக் கடற்கரையில் விட்டுவிட்டு உள்ளே எப்படி நிம்மதியாக இருப்பது? போன் சிம் இருக்குமோ இருக்காதோ, பாஷை தெரியுமோ தெரியாதோ. இவர் மம்மி இருட்டுக்குள் உட்கார்ந்து கவலைப்பட வேண்டியதுதான்.

பணக்கணக்கே பார்ப்போம். சவாரியில் ஏறும் இடங்களில் பைகளை வைக்கப் பெட்டகம் கொடுப்பார்கள். குறிப்பிட்ட நேரம் வரைக்கும் இலவசம். வரிசை நீண்டு நேரம் தாண்டினால் காசு. அம்மா வெளியே பெஞ்சில் இருந்தால் பை அவரிடம், பெட்டகமே வேண்டாம். சின்னப் பெண்ணும் பாட்டியோடு இருப்பாள். கணவனும் மனைவியும் பையனும் ஒன்றாகவே மம்மியில் ஏறலாம். பாட்டி இல்லாவிட்டால் ஒருவர் பெண்ணோடு நிற்க, இன்னொருவர் ஏறி இறங்கிய பிறகு மாற வேண்டும். அப்படி மாறிக்கொள்ள அங்கே ஏற்பாடு உண்டு, மறுபடி முழு வரிசை நிற்க வேண்டாம். வரிசையில் சேரும்போதே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நேரம் இரட்டிப்பாகப் போகும். அந்த மூத்தோர் டிக்கெட் உங்கள் வரிசை நேரத்தையும் சேர்த்து வாங்குகிறது.

அம்மாவுக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. வாட்டர்வேர்ல்ட் சண்டைக் காட்சியைப் பாருங்கள். மோட்டார் படகு சீறும், தீப்பிடிக்கும், உயரத்திலிருந்து ஓர் ஆள் தண்ணீரில் விழுவான். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத என் மாமியார் கைதட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசை இருக்கைகளில் தண்ணீர் வாரி அடிக்கும், பின்னால் உட்காருங்கள். காட்சி நேரம் உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடும், அதைச் சுற்றித்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும். பொம்மைக் கார்போல ஊர்ந்து போகும் டிரெஷர் ஹன்டர்ஸில் பேத்தியோடு அவரே ஏறுவார், பாருங்கள்.

சாப்பாடு. வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள், தண்ணீர் போத்தல் கொண்டுபோகலாம். உள்ளே ஐந்து பேர் ஒரு வேளை சாப்பிட்டால் 80 வெள்ளிக்குக் குறையாது. கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து அதே நாளில் திரும்ப நுழையலாம். காலையிலேயே தேக்காவில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நிழல் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். தயிர்சாதம் வேண்டாம், அந்த வெயிலுக்குப் புளித்துவிடும். பன்னிரண்டரை மணிக்கு எல்லோரும் உணவகத்துக்குப் போகும்போது நீங்கள் சவாரி ஏறி, இரண்டு மணிக்குச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு இடையில் கொறிக்கப் பாப்கார்ன் மாதிரி ஒன்றே ஒன்று என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மழை வந்தால் வருத்தப்படாதீர்கள். மின்னல் எச்சரிக்கை கொடுத்ததும் பேட்டில்ஸ்டார், கேனோபி, ராப்பிட்ஸ் எல்லாம் நிறுத்திவிடுவார்கள். கூட்டம் அப்படியே கூரை உள்ள டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் மம்மிக்கும் பாயும். அந்த நேரம் நீங்கள் அங்கே போகக் கூடாது. அதுதான் சாப்பிடுகிற நேரம், கழிப்பறை நேரம், அம்மாவின் கால் ஓய்வு நேரம். மழை விட்டதும் பாதிப் பேர் நனைந்துபோய் வீடு திரும்பியிருப்பார்கள். வெளிச்சவாரிகள் மறுபடி ஓடத் தொடங்கும்போது வரிசை மெலிந்திருக்கும். பேட்டில்ஸ்டாரை நாங்கள் எப்போதும் அப்படித்தான் பிடிப்போம்.

காவிரிக்கரையான்:

அக்கா, ஈசூன் அண்ணன், இருவருக்கும் நன்றி. விடுப்புக் கேட்டேன், புதன்கிழமை தருவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் டிக்கெட் எடுக்கப் போகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்ததில் டிக்கெட், ரயில், கட்டுச்சோறு, இரவு தேக்காவில் சாப்பாடு எல்லாம் போய்ப் பையனுக்கு ஒரு சின்ன பொம்மை வாங்கவும் மிஞ்சுகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். தனியாள் வரிசை என்றதும் மனைவி பயப்படுகிறார், பையனைத் தனியாக அனுப்பமாட்டேன் என்கிறார். ராப்பிட்ஸில் எவ்வளவு நனையும்? மனைவி சுடிதார்தான் போடுவார்.

ஈசூன் அப்பா:

தனியாக அனுப்ப வேண்டாம். நீங்கள் அவன் பின்னாலேயே அதே வரிசையில் நில்லுங்கள். பெரும்பாலும் அதே வண்டியிலோ அடுத்த வண்டியிலோ ஏற்றிவிடுவார்கள். முதலில் இறங்குகிறவர் வெளிவாசலில் காத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். அங்கே பொம்மைக் கடை இருக்கும். அவன் முதலில் இறங்கினால் உங்கள் மிச்சப் பணத்துக்குத்தான் ஆபத்து.

செம்பவாங் சித்தி:

ராப்பிட்ஸில் வட்டப் படகு சுழன்றுகொண்டே போகும், யார் பக்கம் தண்ணீர் விழும் என்று சொல்ல முடியாது. விழுந்தவருக்கு உள்ளாடை வரை ஈரம். பருத்திச் சுடிதார் சாயங்காலம் வரை காயாது, மெல்லிய பாலியெஸ்டர் துணி போடச் சொல்லுங்கள். மழை அங்கி அங்கேயே விற்பார்கள். அதைவிட முதல் நாள் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிவிடுங்கள். நான்கு போதும், பாட்டிக்கு வேண்டாம். நனைந்த பிறகு குளிரூட்டிய டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குள் போய் நிற்காதீர்கள், சின்னவளுக்குச் சளி பிடிக்கும். ராப்பிட்ஸைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் வெளியே உட்கார்ந்து சாப்பிடும்போதே பாதி உலர்ந்துவிடும். மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி பெண்ணுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் ஈரத்தோடு நடக்கட்டும்.