ஐந்து மாதத்தில் நான்கு முறை சாக்கடை அடைப்பு. முழு லைனையும் மாற்ற ரூ. 1,65,000 கேட்கிறார்கள், நியாயமா? (காக்ஸ் டவுன், பெங்களூரு)

காக்ஸ்டவுன்வாசி:
30க்கு 40 அடி சைட் (மனை), 1991இல் கட்டிய வீடு. பின்பக்கக் கழிவறையிலிருந்து இடது பக்கச் சந்து வழியாகக் கேட் வரை சாக்கடை லைன் போகிறது. 6 அங்குலக் களிமண் குழாய். மூன்று சேம்பர் (மூடி போட்ட ஆய்வுக்குழி), அதற்கப்புறம் தெருவில் மேன்ஹோல். ஐந்து மாதத்தில் நான்கு முறை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் மூங்கில் கழி விட்டுக் குத்தி ரூ. 1,500 வாங்கிக்கொண்டு போகிறார்கள். இப்போது ஒரு ஒப்பந்தக்காரர் பின்பக்கத்திலிருந்து ரோடு மேன்ஹோல் வரை எல்லாவற்றையும் பிவிசியாக மாற்ற வேண்டும் என்கிறார். ரோடு வெட்டுவதும் சேர்த்து மொத்தமாக ரூ. 1,65,000. பிரித்துச் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன் என்கிறார். கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 6,000 லிட்டர் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது, லைன் அதை ஒட்டித்தான் போகிறது. என்ன செய்யலாம்?

குழாய்மேஸ்திரி:
பழுது எந்த இடத்தில் என்று தெரியும்வரை கடப்பாரை தரையைத் தொடக்கூடாது சார். மூன்று சேம்பர் இருந்தால் மூன்று தனித்தனித் துண்டுகள் என்று அர்த்தம். மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். பிரித்துச் சொல்லாத கொட்டேஷனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூடிகளைத் தெருப் பக்கத்திலிருந்து உள்ளே வரும் வரிசையில் திறந்து பாருங்கள். ரோடு மேன்ஹோலே ததும்பி நின்றால் அது குடிநீர் வடிகால் வாரியத்தின் லைன், 1916க்குப் புகார் கொடுத்தால் ஜெட்டிங் வண்டி (தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கிற வண்டி) அனுப்புவார்கள். உங்கள் பணம் அதில் செலவாகக் கூடாது. மேன்ஹோல் ஓடிக்கொண்டிருந்து கடைசி சேம்பர் நிறைந்திருந்தால் தெருவுக்கான இணைப்பில் அடைப்பு. கடைசி சேம்பர் காலியாகவும் நடு சேம்பர் நிறைந்தும் இருந்தால் இரண்டுக்கும் இடையில்.

இப்போது லைன் ஓடுகிறது என்றால் மூன்று சோதனை செய்து எழுதுங்கள்.

ஓட்டம்: ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து மேல் சேம்பரில் சட்டென்று கொட்டுங்கள். கீழ் சேம்பரில் நீலம் வர எத்தனை விநாடி என்று பாருங்கள். நல்ல லைனில் 7 மீட்டரை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

மட்டம்: டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ரப்பர் குழாய்) வைத்துச் சந்துச் சுவரில் நேராக ஒரு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு சேம்பரிலும் குழாய் வாயின் உள்அடிப்பகுதி எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்று அளவுக்குச்சியால் அளக்க வேண்டும். உள்ளே வரும் வாய், வெளியே போகும் வாய் இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். பெரும்பாலோர் சேம்பர் தரையை மட்டும் அளந்துவிட்டுப் போய்விடுவார்கள், அதில் பாதி விஷயம் விட்டுப்போகும்.

கசிவு: வீட்டில் ஒரு மணி நேரம் தண்ணீர் புழக்கத்தை நிறுத்துங்கள். கீழ் சேம்பரில் குழாய் வரும் வாயைத் துணி சுற்றிய மணல் பையால் இறுக்கி அடையுங்கள். பையில் கயிறு கட்டி மேலே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. மேல் சேம்பருக்கு வரும் வாயையும் அடைக்க வேண்டும். பிறகு மேல் சேம்பரில் குழாயின் உச்சிக்கு மேல் ஒரு சாண் வரை தண்ணீர் ஊற்றுங்கள். 7 மீட்டர் 6 அங்குலக் குழாய் மட்டுமே 125 லிட்டர் குடிக்கும், சேம்பருக்குத் தனி. களிமண் குழாய் முதலில் கொஞ்சம் உறிஞ்சும், அதற்குக் கால் மணி நேரம் விடுங்கள். அப்புறம் கோடு போட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

எல்லாம் மேலே நின்றபடி செய்கிற வேலை. யாரும் சேம்பருக்குள் இறங்க வேண்டியதில்லை.

நீர்த்தரம்:
சம்ப் பக்கத்தில் லைன் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சம்ப் சுவரில் மயிரிழை விரிசல் இருந்தால்கூட, நீர்மட்டம் இறங்கும் நேரத்தில் வெளி ஈரம் உள்ளே வரும். நிறமும் நாற்றமும் தெரிவதற்கு முன்பே கிருமி வந்துவிடும். கடைகளில் எச்2எஸ் சோதனைக் குப்பி கிடைக்கும். சம்ப் தண்ணீரைக் கோடு வரை ஊற்றி அறை வெப்பத்தில் வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்தால் மலக்கிருமிக் கலப்பு இருப்பதற்கான அடையாளம். ஆய்வகத்தில் கோலிஃபார்ம், ஈ.கோலை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முடிவு வரும்வரை குடிக்க, சமைக்க, பல் துலக்க எல்லாவற்றுக்கும் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

காக்ஸ்டவுன்வாசி:
மிக்க நன்றி சார். அளவுகள் கீழே, கோட்டிலிருந்து.

1ஆம் சேம்பர்: வெளியே போகும் வாய் 40 செ.மீ.
2ஆம் சேம்பர்: வரும் வாய் 52, போகும் வாய் 52.
3ஆம் சேம்பர்: வரும் வாய் 58, போகும் வாய் 66.
ரோடு மேன்ஹோலில் நம் குழாய் விழும் வாய் 80.

நீளம்: 1–2 இடையே 6 மீ., 2–3 இடையே 7.2 மீ., 3லிருந்து மேன்ஹோல் 4 மீ.

நீலம் 1–2ல் 15 விநாடி, 3–மேன்ஹோல் 8 விநாடி, 2–3ல் ஒன்றரை நிமிடத்துக்கு மேல், அதுவும் சாயம் வெளுத்துப்போய்த்தான் வந்தது. கசிவுச் சோதனையில் 1–2 அசையவில்லை. 2–3ல் அரை மணியில் 11 செ.மீ. இறங்கியது. போன முறை கழியில் சிவப்பாகத் தலைமுடி போல வேர் சுற்றி வந்தது. பக்கத்து வீட்டில் மதில் ஓரம் குல்மொஹர் மரம் இருக்கிறது. சம்ப் சுவர் அந்த 2–3 லைனிலிருந்து 1.2 மீ. தூரம். எச்2எஸ் குப்பி 30 மணி நேரத்தில் கறுத்துவிட்டது.

குழாய்மேஸ்திரி:
உங்கள் அளவே பதில் சொல்லிவிட்டது. 1–2ல் 6 மீட்டருக்கு 12 செ.மீ. வாட்டம் (சரிவு), அதாவது 50க்கு 1. கசியவும் இல்லை. அதைத் தொடாதீர்கள். 2–3ல் 7.2 மீட்டருக்கு வெறும் 6 செ.மீ., 120க்கு 1. 6 அங்குலக் குழாய்க்குப் பழைய கைக்கணக்கு 60க்கு 1 (4 அங்குலத்துக்கு 40க்கு 1). மிகக் குறைந்தபட்சம் 100க்கு 1. அதற்கும் கீழே போனால் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், கனமானது பின்தங்கித் தரையில் படியும்.

களிமண் குழாய் ஒன்று 60 செ.மீ. நீளம். 7.2 மீட்டரில் 12 குழாய், ஒவ்வொரு இணைப்பும் சணலும் சிமென்ட் கலவையும். முப்பது வருஷத்தில் மண் கொஞ்சம் அசைந்தாலே கலவை விரிசல் விடும். கசிகிற ஈரத்தைத் தேடி வேர் வரும், நுழைந்த வேர் வலை போல் நின்று துணியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிடிக்கும். மூங்கில் கழி அந்த வலையில் ஓட்டை மட்டும் போடுகிறது. வெட்டிய வேர் முன்னைவிட அடர்த்தியாகத் திரும்ப வளரும். நான்கு முறைக்கும் காரணம் இதுதான்.

இப்போது பணத்தை மிச்சம் பிடிக்கிற இடத்துக்கு வருகிறேன். 3ஆம் சேம்பரில் வரும் வாய் 58, போகும் வாய் 66. எட்டு செ.மீ. சேம்பருக்குள்ளேயே சும்மா விழுகிறது. புதுக் குழாயை 3ஆம் சேம்பரில் 64ல் கொண்டுவந்து சேர்த்தால் 2–3க்கு 12 செ.மீ. வாட்டம், சரியாக 60க்கு 1. சேம்பருக்குள் 2 செ.மீ. விழுவு மிஞ்சும், அது போதும். தெருப் பக்கம் 66லிருந்து 80, நான்கு மீட்டருக்கு 14 செ.மீ., தாராளம். ரோட்டை வெட்டவே வேண்டாம். மாநகராட்சி அனுமதி, ரோடு சீரமைப்புக் கட்டணம் இரண்டும் போயே போச்சு. ரூ. 1,65,000இல் பெரிய பங்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

சைட்இன்ஜினியர்:
மேஸ்திரி சொன்னது சரி. 7.2 மீட்டருக்கு அளவு போட்டுத் தருகிறேன், கொட்டேஷனைச் சரிபார்க்க உதவும்.

பள்ளம் 50 செ.மீ. அகலம், சராசரி 70 செ.மீ. ஆழம். மண் 2.5 கன மீட்டர். கான்கிரீட் தரையை உடைப்பதையும் சேர்த்து இரண்டு ஆட்களுக்கு ஒன்றரை நாள் வேலை. நான்கு நாள் எழுதினால் கேள்வி கேளுங்கள். தரையை உடைக்கும் முன் கட்டர் வைத்து இருபுறமும் கோடு வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சம்ப் மூடி வரை விரிசல் ஓடும். சம்ப் பக்கம் பிரேக்கர் மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும்.

குழாய் 160 மி.மீ., நிலத்தடிக்கான ஐஎஸ் 15328 தரம், எஸ்என் 8 (விறைப்பு) வகை, செங்கல் நிறத்தில் இருக்கும். சாம்பல் நிற எஸ்டபிள்யூஆர் (கழிவு, மழைநீர்) குழாய் சுவரோடு போகிற லைனுக்கு. அதிலும் டைப் ஏ என்றால் காற்றுக்குழாய்க்கும் மழைத்தண்ணீருக்கும்தான். கார் ஏறுகிற தரைக்கு அடியில் அதை வைக்கச் சம்மதிக்காதீர்கள். 6 மீட்டர் நீளம் ஒன்றும் 1.2 மீட்டர் துண்டு ஒன்றும் வேண்டும். இணைப்பு ஒரே ஒன்று, ரப்பர் வளையம் போட்டது. பன்னிரண்டு இணைப்பு ஒன்றாகிவிடும், வேருக்கு வாசல் இல்லை.

குழாய்க்கு அடியில் 10 செ.மீ., மேலே 15 செ.மீ. எம் சாண்ட் (கல் உடைத்துச் செய்த மணல்). பக்கவாட்டிலும் அதே மணல், கால்களால் மிதித்து இறுக்க வேண்டும். மொத்தம் 1.3 கன மீட்டர், கடைக் கணக்கில் 47 கன அடி. உடைத்த கான்கிரீட் கட்டியை அதே பள்ளத்தில் தள்ளி மூடுகிற வழக்கம் இருக்கிறது. அந்தக் கட்டிதான் இரண்டு வருஷத்தில் குழாயை அமுக்கி ஓவலாக்கும்.

2ஆம் சேம்பர் பக்கம் குழாய் மேல் 36 செ.மீ. மண்தான் இருக்கிறது. கார் நிற்பதால் மேலே 10 செ.மீ. கனத்தில் கம்பிவலை போட்ட கான்கிரீட், பள்ளத்தைவிட இருபுறமும் 15 செ.மீ. அகலமாக. அப்போதுதான் சக்கரத்தின் பாரம் குழாயில் இறங்காமல் பக்கத்து மண்ணில் இறங்கும். 1:2:4 கலவைக்கு 4 மூட்டை சிமென்ட்.

பிவிசியை நேரடியாகச் சிமென்ட் பிடிக்காது. சேம்பர் சுவரில் நுழைகிற இடத்தில் குழாயைச் சுரண்டி, சால்வென்ட் சிமென்ட் (பிவிசி ஒட்டும் பசை) தடவி, ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவிக் காயவிட்டுப் பிறகு பூச வேண்டும். இதைச் செய்யாத சேம்பர் எல்லாம் அந்த வளையத்தில்தான் கசியும். 3ஆம் சேம்பர் அடியில் அரைவட்ட வாய்க்கால் வைத்து இருபுறமும் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். தட்டையான தரையில் கழிவு தங்கும்.

காக்ஸ்டவுன்வாசி:
சார், இந்த அளவைக் காட்டி இன்னொருவரிடம் விலை வாங்கினேன். குழாய், ரப்பர் கப்ளர் ரூ. 6,800 (6 மீட்டரும் 3 மீட்டரும்). மணல் ரூ. 3,200. சிமென்ட், ஜல்லி, கம்பிவலை ரூ. 5,500. கட்டர் வாடகை ரூ. 1,500. ஆள்கூலி ரூ. 9,500. சேம்பர் இரண்டின் பூச்சு ரூ. 4,000. குப்பை ஏற்றிப்போக ரூ. 2,500. மொத்தம் ரூ. 33,000. கேமரா விட்டுப் பார்க்கத் தனியாக ரூ. 4,500 சொல்கிறார், தேவையா?

குழாய்மேஸ்திரி:
பிரித்துக் கொடுத்திருக்கிறார், அளவோடும் பொருந்துகிறது. கேமரா உங்களுக்கு இப்போது வேண்டாம், பழுதான துண்டு தெரிந்துவிட்டது, அதை எடுத்தே போடப்போகிறோம். நீளமான லைன், நடுவில் சேம்பர் இல்லாத லைன், டைல்ஸ் தரைக்கு அடியில் ஓடுகிற லைன் என்றால்தான் கேமரா அதன் காசைத் திருப்பித் தரும். அந்த ரூ. 4,500ஐச் சம்ப் பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தை மூடுமுன் அதே கசிவுச் சோதனையைப் புதுக் குழாயில் செய்யுங்கள். பிவிசியில் அரை மணி நேரத்தில் சொட்டுகூட இறங்கக் கூடாது. கடைசித் தவணை அதற்குப் பிறகுதான்.

நீர்த்தரம்:
வேலை முடிந்த பிறகு சம்ப். தண்ணீரை வெளியேற்றி, உள்சுவரில் விரிசல் பார்த்துப் பூசி, நிரப்பிய பின் லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வருமாறு போட வேண்டும். 6,000 லிட்டருக்கு 300 கிராம் குளோரின், அதாவது 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 1 கிலோ. வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு இரவு வைத்து முழுவதையும் வெளியேற்றிவிட்டு, மறுபடி நிரப்பிப் பயன்படுத்தலாம். அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். சம்ப் கழுவ ஆள் இறங்குவதானால் மூடியை நீண்ட நேரம் திறந்துவைத்து, மின்விசிறியால் காற்று அனுப்பி, மேலே இன்னொருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் எக்காரணத்தாலும் சேரக் கூடாது, விஷவாயு வரும்.

சைட்இன்ஜினியர்:
இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து ஒன்று. "உள்ளே இறங்கி எடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணித் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ. 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். சாக்கடை வாயு அளவு கூடினால் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும், "நாற்றமில்லை, இறங்கலாம்" என்று நினைத்தவர்கள்தான் செத்துப்போனார்கள். ஒரு மனிதரின் உயிரைவிட நம் வீட்டு அடைப்பு பெரிதில்லை.

காக்ஸ்டவுன்வாசி:
புரிந்தது சார். கடைசியாக இரண்டு. மொட்டைமாடி மழைத்தண்ணீர்க் குழாய் 2ஆம் சேம்பரில்தான் விழுகிறது, அப்படியே விடலாமா? மரத்தை என்ன செய்வது?

குழாய்மேஸ்திரி:
மழைக்குழாயை இந்த வேலையோடு சேர்த்தே பிரித்துவிடுங்கள். சாக்கடையில் மழைநீர் விட வாரியம் அனுமதிப்பதில்லை. பெருமழையில் தெரு லைன் நிறைந்து தாழ்வான வீடுகளின் கழிவறையில் எதிர்த்து ஏறுவதற்கு இந்த இணைப்புகளே காரணம், உங்கள் தெருவில் கீழ்ப்பக்கம் இருக்கிறவர்கள் கஷ்டப்படுவார்கள். 110 மி.மீ. குழாய் ஒன்றை அதே சந்தில் மேலாக ஓட்டி மழைநீர்க் கால்வாய்க்கோ, முன்பக்கம் இடம் இருந்தால் உறிஞ்சு குழிக்கோ விடலாம். குழி வைத்தால் சாக்கடை லைனுக்கும் சம்புக்கும் எட்ட வையுங்கள்.

மரத்தைத் தொட வேண்டாம். வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும், அதோடு அது பக்கத்து வீட்டு மரம். பள்ளம் தோண்டும்போது குறுக்கே வருகிற மெல்லிய வேரை மட்டும் ரம்பத்தால் நறுக்குங்கள், கை மொத்தத்துக்கு வருகிற வேரை விட்டுவிட்டுக் குழாயை அதன் கீழே நுழைத்துவிடுங்கள். மே மாதம் மழைக்கு முன்னால் ஒரு தடவை, நவம்பரில் ஒரு தடவை மூன்று மூடியையும் திறந்து ஒரு வாளி நீலம் விட்டுப் பாருங்கள். 2–3ல் அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் இங்கே எழுதுங்கள்.