கண்டெடுத்த போனை உரியவரிடம் சேர்த்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

போன ஐப்பசியில் நடந்தது. கும்பகோணத்தில் வேலை முடிந்து நாச்சியார்கோவிலுக்கு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதிலிருந்து அந்த நேரத்து பஸ்ஸில் முக்கால்வாசி பெண்கள்தான். ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறவர்கள், காலையில் கூடையோடு போய்ச் சாயங்காலம் வெறும் கூடையோடு திரும்புகிறவர்கள். நல்ல மழை. ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். வழியில் கூட்டம் இறங்கி எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் சீட்டுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில் ஏதோ கையில் பட்டது. இழுத்துப் பார்த்தால் ஒரு பட்டன் போன்.

மழையில் நனையாமல் இருக்க, கழுவிய பால் பாக்கெட் கவருக்குள் அதைப் போட்டு, மேலே இரண்டு ரப்பர் பேண்டு மாட்டியிருந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. எண்களில் அஞ்சாம் நம்பர் தேய்ந்து வெறும் ரப்பராக இருந்தது. அதைப் பார்த்ததும் இது வயதான ஒருவரின் போன் என்று தோன்றிவிட்டது. புதிதாக வாங்கினால் ஆயிரம் சொச்சம்தான் இருக்கும். ஆனால் கேஸ் சிலிண்டர் வந்தால் சொல்ல வேண்டிய நம்பர் அந்தப் போனுக்குத்தான் வரும். மாசம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை ஏறியதா என்பதும் அதில்தான் தெரியும். போனை விட அந்த சிம் பெரிது.

கண்டக்டரிடம் காட்டினேன். "டெப்போவுல ஒப்படைக்கலாம்க்கா. ஆனா அந்தம்மா அங்க வரைக்கும் அலையணும். இன்னும் கொஞ்ச நேரத்துல யாராச்சும் கூப்பிடுவாங்க. நீங்களே வச்சிருந்து குடுத்துடுங்க" என்றார். சொன்னதோடு விடாமல் என் பெயரையும் நம்பரையும் கேட்டு டிரிப் ஷீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார். யாராவது பஸ் ஸ்டாண்டில் வந்து விசாரித்தால் சொல்ல வேண்டுமே. அந்த யோசனை எனக்கு வரவில்லை, அவருக்கு வந்தது.

போனுக்கு லாக் கிடையாது. பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். அதில் பெயரே இல்லை. இங்கிலீஷில் 'ஏ' என்று ஒரு நம்பர், 'ஏஏ' என்று இன்னொன்று, 'ஏஏஏ' என்று மூன்றாவது. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக யாரோ இப்படிப் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு எழுத்து என்றால் மூத்தவர், இரண்டு என்றால் அடுத்தவர் என்று எண்ணிப் பார்த்துக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பட்டியலிலும் அவைதான் முதலில் வரும்.

'ஏ'யைக் கூப்பிட்டேன், சுவிட்ச் ஆஃப். 'ஏஏ' முதல் ரிங்கிலேயே எடுத்தது. "சொல்லும்மா" என்று ஒரு பெண் குரல். பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம். நான், "உங்க அம்மாவாங்க? நான் நாச்சியார்கோவில்லேருந்து பேசறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. அப்புறம், "அம்மாவுக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மாவின் நம்பரிலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி பேசினால் பெற்ற பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? எனக்கு அது உறைக்க இரண்டு நொடி ஆயிற்று. "ஒண்ணும் இல்லங்க, போன் மட்டும் பஸ்ஸுல கெடந்துச்சு" என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அந்த இரண்டு நொடியை நான் அவருக்குக் கொடுத்திருக்கக் கூடாது. இதைப் படிக்கிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். போனைக் கண்டெடுத்து வீட்டாரைக் கூப்பிட்டால், வணக்கம் சொல்வதற்கு முன்னால், நீங்கள் யார் என்பதற்கு முன்னால், "போன் மட்டும் கிடைச்சிருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிடுங்கள்.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அம்மா தனியாக இருக்கிறார், ஊர் பக்கத்துக் கிராமம். பக்கத்து வீட்டுக்குப் பேசி அம்மாவையே கூப்பிடச் சொல்வதாகச் சொன்னார். போனில் சார்ஜ் ஒரு கோடுதான் இருந்தது. என் வீட்டில் இருப்பது டைப்-சி சார்ஜர், இதற்கோ பழைய சின்ன பின். பேட்டரி தீர்ந்தால் அந்தம்மாவுக்கு என்னைப் பிடிக்க வழியே இல்லை. கடைத்தெருவில் மூடப்போன மொபைல் கடைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் இறக்கிய ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, ஒரு டப்பாவைக் கிளறி பொருத்தமான சார்ஜரை எடுத்து மாட்டினார். "ஆஃப் பண்ணாதீங்க, சிம்மக் கழட்டி உங்க போன்ல போட்டுப் பாக்கணும்னும் நெனைக்காதீங்க. அவங்களுக்கு வர்ற ஓடிபி எல்லாம் உங்ககிட்ட வரும், நாளைக்கு உங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றார். காசு வாங்கவில்லை.

அரை மணி நேரத்தில் அந்தம்மா பேசினார். மழையில் பஸ் ஸ்டாப்புக்கே திரும்பி நடந்து போய்த் தேடிவிட்டு வந்திருக்கிறார். யார் பேசினாலும் கொடுத்துவிட முடியாதே, அடையாளம் கேட்டேன். "ரப்பர் பேண்டு செவப்பு ஒண்ணு, பச்ச ஒண்ணு. பின்மூடியக் கழட்டுனா இருவது ரூவா மடிச்சு வச்சிருப்பேன் பாப்பா, அவசரத்துக்கு." கழட்டிப் பார்த்தேன். நாலாக மடித்து, பேட்டரி மேல் படிந்து, இருபது ரூபாய்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் கொடுத்தேன். கையில் வாங்கியதும் என்னைப் பார்க்கவில்லை, நோட்டையும் பார்க்கவில்லை. கண்ணருகே வைத்து, கட்டைவிரலால் கீழே நகர்த்தி, உதட்டுக்குள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிப் பட்டனை அழுத்தினார். "கெடச்சிருச்சுடி" என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை அவரால். கூடையிலிருந்து இரண்டு கட்டு முளைக்கீரையை எடுத்து என் பையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவே என் அம்மாவின் போன் கவருக்குள் என் நம்பரை எழுதிச் செலோடேப் ஒட்டி வைத்தேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

திருச்சியிலிருந்து ஒரு பதில்:

சோழன் எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வரும்போது எனக்கு ஒரு டேப்லெட் கிடைத்தது. கீழ் பெர்த்துக்கு அடியில், சுவரோரமாகக் கிடந்தது. திரையில் ஒரு குழந்தை தலையில் மயிலிறகோடு கிருஷ்ணர் வேஷத்தில். சிம் கிடையாது, லாக் போட்டிருந்தது. போன் என்றால் யாராவது கூப்பிடும் வரை காத்திருக்கலாம், இதில் அதற்கும் வழி இல்லை. லாக் திறக்காமல் வைஃபையும் கொடுக்க முடியாது.

நான் செய்தது ஒன்றுதான். பெட்டி எண்ணையும் பெர்த் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, டேப்லெட்டோடு சேர்த்துத் திருச்சியில் ரயில்வே பாதுகாப்புப் படையினரிடம் கொடுத்தேன். அந்த இரண்டு எண் இருந்தால் போதும், முன்பதிவில் பயணியின் மொபைல் நம்பர் இருக்கும். அங்கிருந்த காவலர் பொருளின் நிறம், கீறல் எல்லாம் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். தொலைத்தவர்கள் ஏற்கெனவே ரயில்வே உதவி எண் 139-க்குப் பேசியிருந்தார்கள். மறுநாளே விழுப்புரத்திலிருந்து குழந்தையின் அப்பா வந்து வாங்கிப்போனதாகத் தகவல் சொன்னார்கள். இப்படித் திருப்பித் தருவதற்கு 'ஆபரேஷன் அமானத்' என்றே அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஓடும் ரயிலிலிருந்து போன் கீழே விழுந்துவிட்டால் சங்கிலியைப் பிடித்து இழுக்காதீர்கள். தண்டவாளத்தின் ஓரம் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டு 139-க்குச் சொல்லுங்கள். எங்கே தேடுவது என்பது அந்தக் கம்பத்து எண்ணை வைத்துத்தான்.

*

கோவையிலிருந்து:

நான் தொலைத்தவள். உக்கடத்தில் பஸ் ஏறும்போது போனது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனுக்கென்றே உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து முடக்கினேன். அந்த எண் பில்லிலும் பெட்டியிலும் இருக்கும். போன் கையில் இருக்கும்போதே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்தி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் கழித்து யாரோ அதில் வேறு சிம் போட்டபோது போலீசுக்குத் தகவல் போய், போன் திரும்பி வந்தது. வாங்கியவர் பழைய போன் கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு கல்லூரி மாணவராம். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

இடையில், உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கில் பாஸ்வேர்டு போடுங்கள் என்று ஒரு மெசேஜ் வந்தது. தொலைத்த துக்கத்தில் கை அங்கே போய்விட்டது, தம்பிதான் தடுத்தான். நிஜமாகக் கண்டெடுத்தவர் யாரும் பாஸ்வேர்டு கேட்க மாட்டார். அதேபோல் கண்டெடுத்தவர்களும் பேசுகிறவரை நம்பிக் கொடுத்துவிடாமல், கண்ணெதிரே லாக்கைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

*

மன்னார்குடியிலிருந்து:

எனக்கு ஒரு உதவி வேண்டும். நேற்று கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் ஒரு காது கேட்கும் கருவி கிடந்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. சாப்பாட்டுப் பந்தியில் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். அதைத் தொலைத்தவருக்கு நான் கேட்டதே கேட்டிருக்காது என்று அப்புறம்தான் தோன்றியது. எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

*

நாச்சியார்கோவில்:

எங்கள் பெரியப்பாவுக்கு இந்தக் கருவி உண்டு, அதனால் சொல்கிறேன். முதலில் பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்கள், கருவி நின்றுவிடும். போனுக்குச் செய்வதற்கு நேர்மாறு. ஈரம் படாத டப்பாவில் போடுங்கள். கருவியின் மேலேயோ பேட்டரிக் கதவுக்குள்ளேயோ பொடி எழுத்தில் ஒரு வரிசை எண் இருக்கும், வெளிச்சத்தில் பாருங்கள். விற்ற இடத்தில் அந்த எண்ணுக்கு யார் பெயர் என்று பதிவு இருக்கும். அதற்கும் முன்னால், மண்டபத்து மேனேஜரிடம் கல்யாண வீட்டாரின் நம்பரை வாங்குங்கள். சொந்தக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு கட்டாயம் இருக்கும். அதில் படம் போட வேண்டாம், பார்க்கிறவர் எல்லாம் என்னுடையது என்று சொல்லலாம். காது கருவி ஒன்று கிடைத்திருக்கிறது, எந்தக் காதுக்கு, என்ன நிறம் என்று சொல்பவர் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் போடச் சொல்லுங்கள்.

*

மன்னார்குடி:

எண் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டேன். வலது காதுக்கு உள்ளது. மேனேஜர் காலையில் ஏழு மணிக்கு வருவாராம். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.