பழைய ஃபிலிம் கேமராவின் லைட் சீல் கரைந்துவிட்டது: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி (தக்கலையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். வளைகுடாவிலிருந்து என் மாமா 1984-இல் கொண்டுவந்த பென்டாக்ஸ் கே1000 கேமரா, அவர் வீட்டு மர அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்துவிட்டு, சென்ற சித்திரையில் என் கைக்கு வந்தது. ஷட்டர் ஒழுங்காக இயங்குவதாகக் காதுக்குப் பட்டதால், 36 படங்களுக்கான வண்ணச் சுருள் ஒன்றைப் போட்டு, முதல் பாதியை மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் மறுபாதியை முட்டம் பாறைகளில் சூரியன் சாயும்வரை காத்திருந்தும் எடுத்தேன். கழுவி வந்ததும் பார்த்தால், 11 படங்களில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிழம்பு குறுக்கே பாய்ந்திருக்கிறது; அவற்றில் இரண்டைத் தவிர மற்றவை யாவும் முட்டத்தில் எடுத்தவை.

பின்கதவைத் திறந்து பார்த்தபோது, கீலின் ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் லைட் சீல் எனப்படும் கறுப்பு நுரைப்பட்டை விரலில் தார்போல ஒட்டிக்கொண்டது. இதை நானே மாற்ற முடியுமா, எந்தப் பொருளைப் பயன்படுத்துவது, முட்டத்துப் படங்கள் மட்டும் இவ்வளவு கெட்டதற்குக் கடற்காற்றுதான் காரணமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (நாகர்கோவிலிலிருந்து)

தம்பி, முப்பது ஆண்டுகள் ஸ்டுடியோ வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதவைத் தொடுவதற்கு முன் நெகட்டிவைக் கையில் எடுங்கள். ஸ்கேன் செய்த படத்தில் பாதிச் செய்திதான் தெரியும். பிழம்பு படச்சட்டத்தைத் தாண்டி ஃபிலிமின் ஓரத்திலுள்ள பல்சக்கரத் துளைகள் வரை பரவியிருந்தால் ஒளி பின்கதவு வழியாகப் புகுந்திருக்கிறது. சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் ஷட்டர் திரையிலோ லென்ஸ் பக்கத்திலோ குறை தேட வேண்டும். செம்மஞ்சள் நிறமும் கதவையே காட்டுகிறது. வண்ண நெகட்டிவில் சிவப்பை உணரும் படலம் அடித்தாளை ஒட்டி இருப்பதால், முதுகுப்பக்கமாக வரும் ஒளி முதலில் அதைத்தான் சுடும்.

கேமராவுக்குள் படம் தலைகீழாக விழுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். படத்தின் அடிப்பக்கம் வெளுத்திருந்தால் கதவின் விளிம்பு பொருந்தும் மேல் பள்ளத்தில், அதாவது மேல் காடியில், ஓட்டை என்று பொருள். பலர் இதை அறியாமல் கீழ்க்காடியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

முட்டத்துக் கடற்காற்றுக்கு இந்தப் பழி வேண்டாம். தொட்டிப்பாலத்தில் மளமளவென்று எடுத்துக்கொண்டே போயிருப்பீர்கள், முட்டத்தில் ஒவ்வொரு படத்துக்கும் இடையே கேமரா வெயிலில் நெடுநேரம் நின்றிருக்கும். சிறு கசிவுக்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். நுரை கெட்டதற்கு நம் மாவட்டத்து ஈரம் காரணமாக இருக்கலாம், ஏனெனில் அக்காலத்து பாலியூரித்தேன் நுரை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வாங்கியே சிதைகிறது, நமக்கோ ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஆனாலும் வறண்ட ஊர்களிலும் இத்தனை ஆண்டுகளில் அது கரையத்தான் செய்யும். பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் தப்பாது.

வீட்டிலேயே செய்யலாம். புதுப்பட்டை ஒட்டுவது அரை மணி நேர வேலை, பழையதை அகற்றுவதுதான் ஒரு மாலைப்பொழுதை விழுங்கும். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டு, சில நிமிடம் ஊறவிட்டு, பிறகு சுரண்டுங்கள். உலோக ஊசி வண்ணப்பூச்சைக் கீறிவிடும். தென்னை ஈர்க்கிலின் முனையை உளிபோலச் சீவிக்கொண்டால் அந்தக் குறுகிய காடிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். நான் விலைகொடுத்து வாங்கிய எந்தக் கருவியும் அதற்கு ஈடாகவில்லை. நகப்பூச்சு நீக்கும் திரவத்தை அருகில்கூட வைக்காதீர்கள், அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் தின்றுவிடும்.

தொடங்குமுன், கே1000-இன் ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி என்பதை நினைவில் கொண்டு, ஒட்டாத காகிதத் துண்டு ஒன்றால் அதை மூடுங்கள். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துச் சுரண்டினால் துகள்கள் உள்ளே விழாமல் வெளியே உதிரும். மேல் காடிக்கும் கீழ்க்காடிக்கும் பொதுவாக 1.5 மி.மீ., கீல் பக்கத்துக்கு 2 மி.மீ. தடிமனுள்ள, அழுத்தினால் எளிதில் அமுங்கும் மென்மையான கறுப்பு நுரை போதும். கைவினைப் பொருள் கடைகளில் விற்கும் ஃபோம் தாள் விறைப்பானது. கதவு மூடாது, மூடினாலும் கொக்கி நாளடைவில் தளர்ந்துவிடும். ஒட்டும் பரப்பை எச்சிலாலோ தண்ணீராலோ லேசாக நனைத்துக்கொண்டால், பட்டையைக் காடிக்குள் நகர்த்தி நேராக்கச் சற்று நேரம் கிடைக்கும்.

மறுமொழி 2 (குளச்சலிலிருந்து)

அண்ணாச்சி சொன்னதில் நுரை பற்றிய பகுதியை மட்டும் நான் ஏற்கவில்லை. நம் கடற்கரையில் மறுபடியும் நுரையை வைத்தால் மறுபடியும் அது கரையும் நாளுக்காகக் காத்திருப்பதாகத்தானே பொருள்? என்னிடமுள்ள இரண்டு கேமராக்களிலும் மேல், கீழ்க் காடிகளில் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய கறுப்புக் கம்பளி நூலைப் பதித்திருக்கிறேன். பசை கூட வேண்டாம். இரு முனைகளில் மட்டும் ஒரு துளி வைத்தேன். பிடிக்காவிட்டால் ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும். தையல் நூல் பயன்படாது, புசுபுசுவென்ற பின்னல் நூல்தான் வேண்டும்.

மறுமொழி 3 (நாகர்கோவிலிலிருந்து, மீண்டும்)

காடிக்கு நூல் நல்லதுதான், மறுக்கவில்லை. உதிரும் இழை ஃபிலிம் மீது விழுந்து படத்தில் முடிபோலத் தெரியும் வாய்ப்பு மட்டும் உண்டு. கீல் பக்கத்துக்கு நூல் போதாது, அங்கே அகலப்பட்டைதான் வேண்டும்.

முன்பு எழுத விட்டுப்போன ஒன்று. லென்ஸைக் கழற்றிப் பார்த்தால், உள்ளேயுள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி படம் எடுக்கும்போது மேலே எழும்பி மோதும் இடத்திலும் ஒரு நுரைப்பட்டை இருக்கும். அதுவும் இந்நேரம் கூழாகியிருக்கும். அங்கே திரவத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்துங்கள். ஒரு சொட்டு, அதற்கு மேலே காட்சி விழும் தகடான ஃபோகசிங் ஸ்கிரீனுக்கு வழிந்தால் கரைந்த நுரை அதில் படிந்து, பிறகு எந்தத் துணியாலும் போகாது. கண்ணாடியின் பூச்சும் முன்பரப்பிலேயே இருப்பதால் அதைத் துடைக்கவே வேண்டாம். தூசு இருந்தால் காற்று ஊதி விடுங்கள்.

மறுமொழி 4 (மார்த்தாண்டத்திலிருந்து)

அவசரத்துக்குக் கதவின் இடுக்கு முழுவதும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி ஒரு திருமணத்தையே எடுத்து முடித்திருக்கிறேன். படங்கள் தப்பின, கோடை வெயிலில் பசை உருகி, கேமராவைத் துடைக்க இரண்டு நாள் ஆயிற்று. வேலை முடிந்தபின் கேமராவைத் திரும்பவும் துணி அலமாரியில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சிலர் அரிசியில் புதைக்கிறார்கள். அரிசித் தவிடு லென்ஸுக்குள் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டவரின் பதில் (தக்கலையிலிருந்து)

எல்லோருக்கும் நன்றி. நெகட்டிவில் பிழம்பு துளைகளைத் தாண்டி விளிம்புவரை சென்றிருந்தது, ஆகவே கதவுதான். கீலில் 2 மி.மீ. நுரையும் காடிகளில் குளச்சல் நண்பர் சொன்ன கம்பளி நூலும் வைத்தேன். ஈர்க்கில் குறித்து அண்ணாச்சி எழுதியது மிகையல்ல. நான்கு ஈர்க்கில்கள் தேய்ந்தன.

கண்ணாடிப் பட்டையில்தான் இடறிவிட்டேன். மெத்தென்று இருக்கட்டும் என்று 3 மி.மீ. நுரையை ஒட்டினேன். பின்கதவைத் திறந்து, அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பி நிலையில் ஷட்டரை அழுத்திப் பிடித்துப் பார்த்தபோது, கண்ணாடி முழுவதும் எழும்பாமல் அதன் விளிம்பு சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. உரித்தெடுத்து மெல்லிய பட்டையை ஒட்டியபின் சரியாயிற்று. ஃபிலிம் போடுவதற்கு முன் பார்த்ததால் ஒரு சுருள் மிஞ்சியது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுருளோடு மீண்டும் முட்டத்துக்குப் போகிறேன். இரண்டு படங்களுக்கு ஒருமுறை, கேமராவின் கீல் பக்கத்தை வெயிலுக்குக் காட்டிப் பதினைந்து நிமிடம் பாறைமேல் வைத்துவிட்டு, அடுத்ததை எடுப்பதாக உத்தேசம். நெகட்டிவ் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.