புதுப்பிப்பு: மாமல்லபுரமா, தரங்கம்பாடியா? போய் வந்துவிட்டோம்

அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு 2 நாள் எங்கே போகலாம், மாமல்லபுரமா தரங்கம்பாடியா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் மாமல்லபுரம் என்றீர்கள். கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும் மறுக்கவே முடியாத காரணங்கள்தான். ஆனால் அம்மாவுக்குக் கூட்டமும் வெயிலில் நெடுநேரம் நடப்பதும் ஒத்துக்கொள்ளாது. அதனால் தரங்கம்பாடிக்கே போனோம்.

ஊர் சின்னது. நகர வாசலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் கடல் வரை எல்லாமே பக்கத்தில். தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டைதான் நடுநாயகம். 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்கும் வரை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. 1706இல் இங்கே வந்த ஜெர்மானியக் கிறித்தவப் போதகர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். நாம் இன்று படிக்கும் தமிழ் அச்செழுத்தின் பழைய வேர்களில் ஒன்று இந்தத் தெருக்களில் இருக்கிறது என்று மகளிடம் சொன்னபோது எனக்கே சிலிர்த்தது.

அப்புறம் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அம்மா அங்கே அலையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுக் கடைகள் குறைவு. மதியம் காரைக்காலுக்குப் போய்விட்டோம். மாமல்லபுரத்துக்கு இன்னொரு முறை, மார்கழிக் குளிரில் போகலாம்.