கையால் ஒன்றைச் செய்யும்போது குறுக்கே வந்தவர்கள்: அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவின் மேலேயும் எழுதியவரின் புனைபெயர்)

வாடைக்காற்று

பட்டம், பெட்டி, தையல், எழுத்து, எதுவானாலும் பரவாயில்லை. செய்துகொண்டிருக்கையில் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போன ஒருவர் உங்களுக்கும் இருப்பார். எனக்கு இருக்கிறார், நானே தொடங்குகிறேன்.

தைப்பொங்கலன்று யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கடற்கரை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆள் உயரத்தைத் தாண்டிய போட்டிப் பட்டங்கள் ஒரு பக்கம். நாங்கள் ஓரமாய் ஒரு சாதாரணக் கொக்குப் பட்டத்தோடு நின்றோம், போட்டிக்கில்லை, சும்மா. விண்ணை மட்டும், அதுதான் காற்றில் கூவுகிற நாடா கட்டிய வில், ஆசைக்கு நீளமாய்ப் பூட்டியிருந்தோம். ஏற்றினால் கூவுகிறதுதான், ஆனால் கீச்சுக் குரலில்.

பக்கத்தில் சாரமும் தோளில் துவாயுமாய் ஒரு ஐயா. பெரிய பட்டங்கள் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, உதை இறக்கு" என்றார். யாரென்று தெரியாது, சொன்ன விதத்தில் இறக்கிவிட்டோம். விண்ணின் நாடாவை விரல் நகத்தால் ஒருதரம் தட்டி, காதோடு வைத்துக் கேட்டார். "இறுக்கிப்போட்டியள். நாடாவும் ஒடுக்கம்." பார்சல் கட்டுகிற நாடாவில் அகலமானது மச்சானிடம் இருந்தது, அதை வாங்கி மாற்றினார். வில்லின் ஒரு பக்க முடிச்சை நெகிழ்த்தினார், தட்டினார், இன்னும் கொஞ்சம் நெகிழ்த்தினார். கண் எங்கேயோ கடலில். அப்புறம் "இனி ஏத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பட்டம் மேலே போய் விண் அடிக்குரலில் கூவத் தொடங்கியபோது ஆள் தெருவுக்கே போய்விட்டார். அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. தான் திருத்தியது சரியாய் வருகிறதா என்று நின்று கேட்க ஒருவருக்கு ஆசை இராதா? நகத்தால் தட்டும்போதே அவருக்கு முழுதும் கேட்டுவிட்டது என்று நான் சொல்கிறேன். மச்சான் ஒத்துக்கொள்வதில்லை, மனுசனுக்கு அவசரமாய் ஒன்றுக்கு வந்திருக்கும் என்கிறான்.

கோண்டாவில்காரி

அம்மம்மா இப்போதும் நீத்துப்பெட்டி இழைப்பார், பிட்டு அவிக்கிற பனையோலைக் கூம்பு. கடையில் வாங்கிய அலுமினியச் சாமான் குசினியில் சும்மா கிடக்கிறது, அதில் பிட்டு அவித்தால் வாயில் வைக்க மாட்டார். கனடாவிலிருந்து வந்த சித்தியின் மகள் ஒரு நீத்துப்பெட்டியை ஆசையாய்க் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பிறகு படம் அனுப்பினாள். பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே பல்ப் மாட்டி, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறாள்.

அம்மம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "பிட்டு அவிக்கேல்லையோ?"

"இல்லை அம்மம்மா, விளக்கு."

மனம் நொந்துவிடுவார், என்ன சமாதானம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் சொன்னது: "வெளிச்சம் காணாது. மா சிந்தாமல் நெருக்கி இழைச்சது, பேந்தென்னண்டு வெளிச்சம் வரும்?"

அடுத்த நாள் விறாந்தையில் இருந்து கண் கண்ணாய் இடைவெளி விட்டு ஒன்று இழைக்கிறார். நுனியில் வயர் போக ஓட்டை வேறு. யாருக்கு என்று கேட்டேன். "ஒருத்தருக்குமில்லை, வருதோ எண்டு பாத்தனான்." வந்தது. இப்போது அதற்குள் வெங்காயம் கிடக்கிறது.

பழைய றேடியோ

மேலே எழுதிய இரண்டு பேருக்கும்: கதை நல்லாயிருக்கிறது. ஆனால் கையால் செய்வதன் சந்தோசம் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், இங்கே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை ரயரில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றி றேடியோ பாட வைத்தார். டைனமோவிலிருந்து வருவது ஏ.சி., திசை மாறி மாறி ஓடுகிற மின்சாரம், அப்படியே கொடுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். செத்துப்போன றேடியோ ஒன்றிலிருந்து டயோட்டுகளையும் ஒரு கப்பாசிற்றரையும் கழற்றிச் சேர்த்து அதை ஒரே திசையில் ஓடுகிற டி.சி. ஆக்கினார். சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் பி.பி.சி. தமிழோசை தேய்ந்து போகும், திண்ணையில் இருக்கும் அயலட்டை முழுக்க என்மேல் பாயும்.

வெளியிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு திரிந்த ஒருவர் ஒருநாள் இதைப் பார்த்தார். என்ன கற்பனை, என்ன கைத்திறன் என்று ஒரே புகழ்ச்சி. கூட வந்தவர் தமிழில் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. "பற்றரி வந்தால் நான் ஏன் சைக்கிளைக் கவிட்டு வைக்கிறன்? அதிலை வேலைக்கல்லோ போவன். உதை அவருக்குச் சொல்லுங்கோ." கூட வந்தவர் சொன்னாரோ தெரியாது, படக்காரர் தலையாட்டிச் சிரித்துக்கொண்டே இன்னொரு படம் எடுத்தார். இதை எழுதத்தான் வந்தேன். இல்லாத கொடுமைக்குச் செய்ததையும் பொழுதுபோக்குக்குச் செய்வதையும் ஒரே கடகப் பெட்டியில் போடாதீர்கள்.

எழுதிக்கொண்டு போகையில் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, அது என் வாதத்துக்கு உதவாது. கறண்ட் வந்த பிறகும் அப்பா அந்தச் சாமானை விடவில்லை. பின்னேரங்களில் கழற்றுவார், ஒரு கப்பாசிற்றரை மாற்றுவார், மறுபடி பூட்டுவார், தானே சுற்றிப் பார்ப்பார். பக்கத்திலேயே சுவரில் பிளக் இருக்கிறது. அம்மா ஏதும் கேட்டால், "இரைச்சல் இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்பார்.

வாடைக்காற்று

றேடியோ அண்ணை, சண்டை பிடிக்க வந்து என் பக்கத்துக்கே எழுதிவிட்டுப் போகிறீர்கள்.

பழைய றேடியோ

கடைசிப் பந்தியை மட்டும் வாசித்தால் அப்படித்தான் தெரியும், தம்பி.

குருத்தோலை

ஓலை வேலை பழக்கிய காலத்தில், "ரீச்சர், இது விக்குமோ?" என்று முதல் நாளே கேட்டுக்கொண்டு வந்த ஒரு பிள்ளை, முடிவில் தான் இழைத்ததற்கு ஆள் வந்தும் கொடுக்க மாட்டேனென்று சீலைக்குள் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். என் கதை அவ்வளவுதான்.

கோண்டாவில்காரிக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். விளக்குக்கென்று இழைப்பதானால் சார்வோலை வேண்டாம், அது கடகத்துக்கும் பாய்க்கும் சரி. விரியாத குருத்தாய் எடுங்கள். ஈர்க்கை நீக்கி வெயிலில் போட்டு, இரவில் பனியிலும் விட்டால் நன்றாய் வெளுக்கும். வாரும்போது அகலம் ஒரே சீராய் வர வேண்டும், கண் விட்டு இழைக்கும் வேலையில் ஒரு ஓலை அகலித்தாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். இழைக்க முன்னர் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள், காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். நிறம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத்துக்குள் போட்டு அவிக்க வேண்டும், பச்சைத் தண்ணீரில் தோய்த்தால் மேலால் மட்டும் பிடித்து நாலு நாளில் வெளிறும். சாயம் போட்டதை எக்காரணம் கொண்டும் பிட்டுக்கு எடுக்காதீர்கள். பல்ப் எல்.ஈ.டி.யாய் இருக்கட்டும், பழைய குண்டு பல்ப் சூட்டுக்கு ஓலை கருகும், பற்றினாலும் பற்றும். வயர் போகிற ஓட்டையைச் சும்மா விடாமல் விளிம்பை நாரால் பொத்துங்கள். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், அடுப்புப் புகை படுகிற இடத்தில் தூக்கிவிட்டால் அதுவும் வராது, பூச்சியும் வராது.

விலை விஷயமும் ஒன்று. நல்லூர்த் திருவிழா 25 நாள், வெளிநாட்டுச் சனம் முழுக்க ஊரில் நிற்கும். ஓலைக் காசை மட்டும் கணக்குப் பார்த்து விலை சொல்லி ஏமாறாதீர்கள். குந்தியிருந்த நேரம், முதுகு நோவு, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பேரம் பேசுகிறவர் எப்படியும் பேசத்தான் போகிறார்.

கோண்டாவில்காரி

ரீச்சர், நன்றி. ஆனால் நான் சாயமும் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பனியிலை விடுறதை எனக்கோ சொல்லித் தாறா உவ?" என்று கேட்டார். எல்.ஈ.டி. என்றால் என்னவென்று மட்டும் விசாரித்தார்.

வைரமூக்குத்தி

ஓலையும் தெரியாது, பட்டமும் தெரியாது. உயர்தரம் படிக்கும்போது நாங்கள் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று நடத்தினோம். ஒரேயொரு பிரதி, கைமாறிக் கைமாறிப் போகும். கவிதை நான், சித்திரம் ஒருத்தி, தலைப்புகளுக்குச் சிவப்பு மை இன்னொருத்தி. கடைசி இதழ் யார் கைக்குப் போனதோ, திரும்பி வரவேயில்லை.

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நல்லூரில் திருவிழா நேரம் பேப்பர்ச் சுருளில் கச்சான் (நிலக்கடலை) வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டே நடக்கையில் சுருளின் உள்பக்கத்தில் சிவப்பு மை. பிரித்தால் என் கையெழுத்து, என் கவிதையின் பின்பாதி. உப்பும் கச்சான் தோலும் ஒட்டிக் கிடக்கிறது. திரும்ப ஓடினேன்.

"அம்மா, இந்தப் பேப்பர் எங்காலை?"

"பழைய பேப்பர்க்காரனிட்டைக் கிலோக் கணக்கிலை எடுக்கிறது. ஏன் பிள்ளை, உறுதிக் கடதாசி ஏதுமோ?"

"இல்லை, நான் எழுதினது."

வாங்கி, கடை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உதடு அசைய முழுவதையும் வாசித்தார். பின்னால் சனம் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அவர் அசையவில்லை. வாசித்து முடித்துவிட்டுக் கேட்டார், "இதின்ரை முன்பக்கம் எங்கை?"

நாங்கள் சஞ்சிகை நடத்திய காலத்தில் ரீச்சர்மார் எழுத்துப்பிழை பார்த்திருக்கிறார்கள், சிநேகிதிகள் ஓகோ என்றிருக்கிறார்கள். ஒரு பக்கம் காணவில்லை என்று யாரும் கேட்டதில்லை.

அவரே பேப்பர்க் கட்டை இழுத்துக் கிண்டினார். முன்பக்கம் கிடைக்கவில்லை, வேறொரு தாள் அகப்பட்டது, சித்திரக்காரி கீறிய மயில். கச்சான் இன்னொரு சுருள் வாங்கினால்தான் தருவேனென்றார், வாங்கினேன். அன்றிரவே அதைப் படம் பிடித்து நோர்வேயில் இருக்கும் அவளுக்கு அனுப்பினேன். அழுவாள் என்று நினைத்தேன். விடிய வந்த பதில்: "காலைப் பாரடி, கோழிக் கால் மாதிரிக் கீறி வைச்சிருக்கிறன். அந்தத் தாளின்ரை அளவைச் சொல்லு, திருப்பிக் கீறி அனுப்புறன்."